ஞானமாமா கனடா போகவில்லை

அன்பு மகனுக்கு,

போன சனிக்கிழமை நீ போன் எடுத்தபோது, அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கலியாணக் கார்டுகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். ஈஸ்ட் ஹாமில் இருக்கிற மாமிமார், இல்ஃபோர்ட் பெரியப்பா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டாய். கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, "ஞானமாமான்ர கனடா அட்றஸ் இருக்கா அம்மா? வராட்டிலும் பரவாயில்லை, ஒரு கார்டு போகட்டும்" என்றாய். பன்னிரண்டு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாத மனிதனுக்கு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று கார்டு அனுப்ப நினைத்திருக்கிறாய். அதற்கு மேல் என்னால் போனைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அப்படி ஒரு விலாசம் இல்லை. ஞானமாமா கனடா போகவில்லை. அவன் செத்துப் பதினொரு வருடமாகிறது. நீயும் நிரோவும் கலியாணம் கட்டப்போகிற அதே கோயிலின் பக்கத்தில், மதிலோரமாக இருக்கிற சின்னத் தோட்டத்தில்தான் அவனுடைய சாம்பலைப் புதைத்திருக்கிறார்கள். அவன் பெயர் வெட்டிய கல் ஒன்று அங்கே இருக்கிறது. கலியாணத்தன்று படம் எடுக்கிறவர் உங்கள் இருவரையும் அந்தத் தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார், ஏனென்றால் அந்தக் கோயிலில் புல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். ஞானஸ்நானம் பெற்ற கோயிலில்தான் கலியாணமும் என்று நீ பிடிவாதமாக நின்றிராவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எழுதியிருக்கமாட்டேன். அதையும் நீ தெரிந்துகொண்டே மிச்சத்தை வாசி.

நாங்கள் எப்படி அந்தக் கோயிலுக்குப் போகத் தொடங்கினோம் என்று உனக்குச் சொன்னதில்லை. நானும் அப்பாவும் லண்டனில் ஸ்ட்ரெதமுக்கு வந்த புதிதில் வீட்டுக்குக் கிட்ட இருந்த இன்னொரு கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாக அங்கிலிக்கன் சபையில் இருந்த குடும்பம் எங்களுடையது. அதே ஜெபப் புத்தகம், அதே பாட்டுகள், அதனால் ஒரு அந்நியமும் இருக்காது என்று நினைத்தேன். யாரும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. நாங்கள் போய் இருந்த நீட்டு வாங்கில் இருந்தவர்கள் மட்டும் பாட்டுக்கு எழும்பி நிற்கிறபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனார்கள். மூன்றாம் ஞாயிறு அந்த வாங்கில் நாங்கள் இருவர் மட்டும்தான். அதற்குப் பிறகு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த இந்தச் செங்கல் கோயிலுக்கு வந்தோம். கூரை ஒழுகும், குளிருக்கு ஒரு காஸ் ஹீற்றர் இரைந்துகொண்டே இருக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் தொப்பி போட்ட ஒரு ஜமெய்க்காப் பெண், பக்கத்தில் வைத்திருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து எங்களுக்கு இடம் விட்டார். அவர்தான் மிஸிஸ் கேம்பல். உனக்கு ஞாபகம் இருக்கும், பிரசங்கம் நீண்டால் உனக்கு மின்ற் இனிப்புத் தருகிறவர்.

வெள்ளைக்காரக் கிழவிகள், ஜமெய்க்காக் குடும்பங்கள், நைஜீரிய நேர்ஸ்மார், வாசற்படியில் படுத்திருந்துவிட்டு ஆராதனைக்கு உள்ளே வருகிற ஒரு மனிதர் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்கிற ஆண்கள் இரண்டு சோடி வருவார்கள். அதை யாரும் ஒளிப்பதும் இல்லை, பெரிதாக எடுப்பதும் இல்லை. குருவானவர் ஃபாதர் ஹியூ எல்லாருடைய பெயரையும் சொல்லித்தான் அப்பம் கொடுப்பார். நானும் அதற்குப் பழகிவிட்டேன். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே, எனக்கென்ன என்று நினைத்திருக்கவேண்டும். கொஞ்சக் காலத்தில், எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகத் திராட்சரசம் குடிக்கிற நற்கருணைக் கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கிற வெள்ளைத் துணிகளைத் தோய்த்து இஸ்திரி போடுகிற பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். உன் பிஞ்சுக் கால்சட்டைகள் காய்ந்த அதே கொடியில்தான் அவையும் காய்ந்தன. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

என் தம்பி ஞானம் வந்தது எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். என்னிலும் பதினொரு வயது இளையவன். சின்னதில் அவனை என் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். நம்முடைய பின் அறையில் இருந்தான், பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் பாடினான். உனக்கு ஸ்ட்ரெதம் கொமனில் சைக்கிள் ஓடப் பழக்கினது அவன்தான். நீ விழுந்து முழங்கால் உரஞ்சி வந்த நாளில் உன்னைவிட அவன்தான் கூடக் கலங்கிப்போய் நின்றான். அதே குழுவில் நூலகத்தில் வேலை செய்கிற கொலின் என்ற ஒரு வெள்ளைக்காரப் பொடியன் அடிக்குரல் பாடினான். இருவரும் நண்பர்கள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு ஞானம் அவனைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தான். நண்டுக்கறி உறைப்பில் கொலினின் கண்ணும் மூக்கும் ஓட, நீ மேசைக்குக் கீழே போய் இருந்து சிரித்தாய். அன்று நான் அவனுக்கு இரண்டாம் தரம் போட்டுக் கொடுத்தேன்.

எண்பத்தாறு, எண்பத்தேழில் எயிட்ஸ் என்ற சொல் எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ரீவியில் அதுதான், கதவுத் துவாரத்தால் விழுகிற அரசாங்கத் துண்டுப் பிரசுரத்தில் அதுதான். நம்முடைய கோயிலிலும் சிலர் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கிண்ணம் வருமுன் எழும்பிப் போகத் தொடங்கினார்கள். அந்த இரண்டு சோடியில் ஒருவர் மெலிந்து, ஊன்றுகோலுடன் வர ஆரம்பித்ததும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஆட்கள் தயங்கினார்கள். நோய் வந்த வருத்தக்காரர்கள் கடைசியாகக் குடிக்கட்டும், அல்லது தனிக் கிண்ணம் வைக்கட்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஃபாதர் ஹியூ ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் இருக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, நமக்குள் ஒரு நேர்ஸ் இருக்கிறார், அவர் சொல்லட்டும் என்றார்.

நான் எழும்பிப் பேசினேன். ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன். ஒரே கிண்ணத்தில் குடிப்பதால் இது தொற்றாது, ஒரே வீட்டில் இருப்பதால் தொற்றாது, கட்டிப்பிடித்தால் தொற்றாது, அவர்கள் குடித்த கிண்ணத்தின் துணிகளை என் கையால்தான் தோய்க்கிறேன், என் பிள்ளையின் உடுப்போடு காயப்போடுகிறேன் என்றேன். நாங்கள் முதன்முதல் போன கோயிலில் வாங்கு வெறுமையான கதையையும் சொன்னேன். முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மிஸிஸ் கேம்பல் என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். தனிக் கிண்ணப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஞானம் பின்னுக்குக் கோப்பி மேசையடியில் கழுவின கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் தம்பி முன்னால் நன்றாகப் பேசிவிட்டேன் என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிறு பின்னேரம். அப்பா வேலைக்குப் போயிருந்தார், நீ ஒரு கூட்டாளியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாய். நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஞானம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு, "அக்கா, கொஞ்சம் இருங்கோ. ஒண்டு சொல்லோணும்" என்றான். நான் கையைத் துடைத்துவிட்டு அந்தக் கதிரையில் இருந்தேன்.

"போன கிழமை நீங்கள் கதைச்சதைக் கேட்டாப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. எனக்கும் அந்த வருத்தம்தான் அக்கா. மூண்டு மாசத்துக்கு முந்தி இரத்தம் சோதிச்சவை."

எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு கேள்விதான், எப்படி என்று. அவன் தலையைக் குனியவில்லை. "கொலினும் நானும் விருப்பம் அக்கா. நீங்கள் அறிஞ்சிருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றான். நான் எழும்பித் திரும்பவும் அரிசியைக் கழுவத் தொடங்கினேன். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவினேன். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னேன்: "பிள்ளை இருக்கிற வீடு, ஞானம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "ஒண்டும் தொத்தாது எண்டு நீங்கள்தானே அக்கா சொன்னீங்கள்" என்றான், சின்னப் பிள்ளை கணக்குப் பிழைத்ததைக் கேட்கிற மாதிரி.

"அது கோயில். இது வீடு."

இந்த நாலு சொல்லையும் நான்தான் சொன்னேன், மகனே. வேறு யாரும் என் வாயில் திணிக்கவில்லை. வருகிற சனிக்கிழமைக்கு முன் வேறு இடம் பார்க்கச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. அத்தானுக்கு என்ன சொல்வது என்று கேட்டான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கடைசியில், "பெடியனிட்டை நான் சொல்லிப்போட்டுப் போகட்டோ?" என்றான். வேண்டாம் என்றேன்.

எனக்குப் பயம் இருந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது. பயந்திருந்தால் அதற்கு ஒரு மன்னிப்பு உண்டு. அந்த நாட்களில் டொக்டர்மாரே பயந்தார்கள். எனக்கு இம்மியும் பயம் இருக்கவில்லை. அவன் குடித்த கோப்பையில் நான் குடித்திருப்பேன், அவன் உன்னைக் கொஞ்சினால் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். எனக்கு இருந்தது வெட்கம். உன் மாமிமார் இல்ஃபோர்டில் அவனுக்கு ஒரு பெண் பார்த்துவைத்திருந்தார்கள். அவர்கள் ஒருநாள் அறிந்தால், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் என்னைக் கண்டு தங்களுக்குள் என்ன கதைப்பார்கள் என்பதுதான் அந்த அரிசியைக் கழுவும்போது என் மனதில் ஓடியது. என் தம்பி சாகப்போகிறான் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. பிள்ளை இருக்கிற வீடு என்று உன்னை நான் முன்னால் நிறுத்தினேன். நீ அதற்குப் பொறுப்பில்லை. உன் பெயரை எடுத்து அந்த வேலையைச் செய்தேன் என்பதற்காக உன்னிடம் தனியாக வெட்கப்படுகிறேன்.

சனிக்கிழமை காலை நீ நீச்சலுக்குப் போன நேரத்தில் அவன் ஒரு சூட்கேசோடு போனான், கொலினின் கவுன்சில் ஃப்ளாட்டுக்கு. அப்பாவுக்கும் உனக்கும் கனடா என்றேன். அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவர் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் அனுப்புகிற ஏஜென்ற் திடீரென்று கூப்பிட்டால் அன்றைக்கே போகவேண்டும், யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எல்லாரும் அறிந்த கதை. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பினார். நீ உடனே நம்பினாய். ஆனால் இரண்டு கிழமை சாப்பாட்டை அளைந்துகொண்டு இருந்தாய். நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில் மாமா போன் எடுத்தவர், உன்னைக் கேட்டவர் என்று சொல்வேன். ஊரில் இருந்த எங்கள் அம்மாவுக்கும் அதையே எழுதினேன். இரண்டு வருடம் கழித்து அவ கண்ணை மூடியபோதும் மகன் கனடாவில் இருக்கிறான் என்றே நம்பிப் போனா.

அந்த இருவரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார்கள் என்று தெரியும். அதனால் நாங்கள் போவதை நிறுத்தினேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் மாதத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் தமிழில் ஆராதனை நடந்தது. பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்து, லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளைத் துணிகளை மடித்து ஒரு பையில் போட்டு ஃபாதர் ஹியூவின் வீட்டு வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமல் வந்தேன். அவர் தேடி வந்தார். வாசலில் நிறுத்தித்தான் பேசினேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. ஞானம் வருத்தமாக இருக்கிறான், நான் அவனைப் போய்ப் பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்றேன்.

நான் விட்டதை அந்தச் சபை எடுத்துக்கொண்டது. இதை நான் பிறகுதான் அறிந்தேன். கோயில் அறிவிப்புப் பலகையில் கிழமை வாரியாக ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். யார் படுக்கை விரிப்புத் தோய்ப்பது, யார் சமைப்பது, கொலின் வேலைக்குப் போகிறபோது யார் பக்கத்தில் இருப்பது என்று எல்லாம் பெயர் போட்டு எழுதியிருந்ததாம். முன்பு தனிக் கிண்ணம் கேட்டு எழுதிக் கொடுத்த அந்த மனிதரின் பெயரும் அதில் செவ்வாய்க்கிழமைக்கு இருந்ததாம். நான் பேசியதைக் கேட்டு மனம் மாறியவர் அவர். பேசிய என் பெயர் எந்தக் கிழமையிலும் இல்லை.

ஐப்பசி மாதம் போல ஒருநாள் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றேன். மிஸிஸ் கேம்பல் குடையோடு அங்கே காத்திருந்தார். என்னைக் கண்டிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. உன் தம்பிக்கு ஒன்றும் இறங்குகிறதில்லை, கஞ்சி கஞ்சி என்று கேட்கிறான், அது என்னவென்று எனக்குத் தெரியாது, கொலினுக்கும் தெரியாது, எப்படிச் செய்வது என்று சொல் என்றார். நான் சொன்னேன். அரிசியைக் குழைய அவிக்கவேண்டும், தேங்காய்ப்பால் கடைசியாகத்தான் விடவேண்டும், உள்ளிப்பூண்டைத் தட்டிப் போடலாம் என்று. அவர் பையிலிருந்து கோயில் தாள் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். உப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று விவரமாகக் கேட்டார். நானும் விவரமாகச் சொன்னேன். என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் ஒருமுறைகூட நீயே வந்து காய்ச்சிக் கொடு என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அவரோடு கோபிக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

தை மாதத்தில் ஃபாதர் ஹியூ என் வார்டுக்குப் போன் எடுத்தார். ஞானத்தை வேறொரு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், கண் பார்வை போய்விட்டது, இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்றார். அன்று மத்தியானம் தலையிடி என்று சொல்லிவிட்டுப் போனேன். தனி அறை. கொலின் இல்லை. மிஸிஸ் கேம்பல் கட்டில் பக்கத்தில் இருந்து பைபிளில் ஒரு சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்தவனை நான் தெருவில் கண்டிருந்தால் தம்பி என்று சொல்லியிருக்கமாட்டேன். நான் கட்டிலின் கால்மாட்டில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸிஸ் கேம்பல் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஞானம் முகத்தைத் திருப்பி, யார் வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டான். மிஸிஸ் கேம்பல் நான் பேசுவேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோயிலிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்றார்.

அவன் முகத்தை என் பக்கமே வைத்துக்கொண்டு கிடந்தான். பிறகு தமிழில் சொன்னான்: "அக்கா எண்டால் இருக்கச் சொல்லுங்கோ."

மிஸிஸ் கேம்பலுக்குத் தமிழ் தெரியாது. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் விளங்கியது. கதிரை ஒன்று காலியாகத்தான் கிடந்தது. நான் இருக்கவில்லை. சப்பாத்துச் சத்தம் கேட்காமல் அடியெடுத்து வைத்து வெளியே வந்து, கீழே இறங்கி, வீட்டுக்கு வந்து, உனக்கு இரவுச் சாப்பாடு போட்டேன்.

அவன் செத்தது மூன்றாம் நாள். அடக்க ஆராதனை ஒரு வேலை நாளில், காலையில். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். போனேன். ஆகக் கடைசி வாங்கில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். கோயில் நிறைந்திருந்தது. தமிழ் ஆள் நான் ஒருத்திதான். கொலின் முன்வரிசையில் தனியாக இருந்தான். நற்கருணைக்கு எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. முடிந்து வெளியே வரும்போது மிஸிஸ் கேம்பல் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நீ போன பிறகு உன் தம்பி என்னிடம் ஒன்று கேட்டான், அக்கா உட்கார்ந்தாவா என்று கேட்டான், நான் ஆம் என்று சொல்லிவிட்டேன் என்றார். "சாகிற மனிதனுக்குப் பொய் சொன்னேன். அதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உன்னுடையதை நீதான் சொல்லவேண்டும்" என்றார். கையை விட்டுவிட்டு உள்ளே போனார். பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை.

உள்ளதைச் சொல்லப் பதினொரு வருடம் இருந்தது. நான் சொல்லவில்லை, அதைவிட மோசமானதைச் செய்தேன். நீ வளர வளரக் கேள்விகள் கூடின. போன் எடுத்தவர் என்ற பொய் போதாமல் போனது. மாமா அங்கே கலியாணம் கட்டிவிட்டார், எங்களை மறந்துவிட்டார் என்றேன். உன் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு, ஒரு கார்டுகூட அனுப்பத் தெரியாத மனிதன் என்று நீ கசந்து சொன்னாய். சில பேர் அப்படித்தான், நன்றி இல்லாதவர்கள் என்று நானும் சொன்னேன். உன்னிடம் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டவனை அப்படிச் சொன்னேன். கொலின் இரண்டு நத்தாருக்கு எனக்குக் கார்டு அனுப்பினான். பிரிக்காமல் கிழித்தேன். மூன்றாம் வருடம் வரவில்லை. போன கிழமைதான் அறிந்தேன், அவனும் அதே தோட்டத்தில், ஞானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை, உன் போனுக்கு அடுத்த நாள், அப்பாவிடம் சொன்னேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பேப்பரை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் சொன்னேன். முடித்த பிறகு, "என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன், கொஞ்சம் எதிர்த்துத்தான். "தெரியேல்லை" என்றார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு தனியே போனார். நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்து, இப்போது அங்கே ஒரு பெண் குருவானவர் இருக்கிறா என்றும், இரண்டு கல் இருக்கிறது என்றும் சொன்னார். அதன் பிறகு இன்று வரைக்கும் உப்பு வேணும், தண்ணி வேணும் என்பதைத் தவிர என்னோடு பேசவில்லை. நீ போன் எடுத்தால் அவரோடு கொஞ்ச நேரம் கதை. அவருக்கும் அவன் தம்பிதான்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தாய் எழுதினால் புத்திமதி இருக்கவேண்டும். என்னிடம் பெரிதாக இல்லை. நீ நல்ல பிள்ளை, நன்றாகப் பேசவும் தெரிந்தவன். அதை என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாய், அதனால் பயமாக இருக்கிறது. நாலு பேருக்கு முன்னால் சரியானதைச் சொல்லிக் கை தட்டு வாங்குகிற நாளில், வீட்டுக்குப் போய் உன்னை நீயே ஒருமுறை பார்த்துக்கொள். அதே சொல்லை உன் குசினியில், உனக்கு நட்டம் வருகிற இடத்தில் சொல்வாயா என்று பார். நிரோ உனக்கு ஒன்றைச் சொல்ல வரும்போது கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேள். நான் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அந்த நாலு சொல்லும் வந்திருக்காது என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படியும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. மன்னிக்கவேண்டியவன் உயிரோடு இல்லை, அவனுக்குப் பதிலாக நீ மன்னிக்கவும் முடியாது. கோபம் வந்தால் அதை வைத்திரு, அவசரப்பட்டு ஆற்றிக்கொள்ளாதே. கலியாணத்துக்கு என்னை வர வேண்டாம் என்றால் வராமல் இருப்பேன். காரணத்தை யாருக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன்.

வரலாம் என்றால் ஒன்று செய். கலியாண ஆராதனையில் இறந்தவர்களை நினைத்து ஜெபிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதில் அவன் பெயரை வாசிக்கச் சொல்லு. முழுப்பெயர், ஞானசீலன் தோமஸ். கொலினின் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லு. ஈஸ்ட் ஹாமிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் வந்த எல்லாரும் அங்கே இருப்பார்கள். கனடாவில் இருக்கிற ஞானத்தின் பெயரை ஏன் செத்தவர்களோடு வாசிக்கிறார்கள், இந்த வெள்ளைக்காரன் யார் என்று உன் மாமிமார் என் பக்கம் திரும்புவார்கள். நான் எழும்பி நின்று, என் தம்பி, என்ன வருத்தத்தில் செத்தான், அவனை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று சொல்வேன் என்று இப்போது இந்த மேசையில் இருந்து எழுதுகிறேன். ஆனால் நான் முன்பும் அதே கோயிலில் எழும்பி நின்று நன்றாகப் பேசியவள். ஆகையால் இதை நம்பி இருந்துவிடாதே. பெயரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் நீ திரும்பி என்னைப் பார்.

அம்மா